மூச்சு வாங்குதேன்னு கட்டில்லயே இருந்துடாதீங்க: வி.ஆர். கண்ணாடி பத்தி வாசகர் கேள்விகள்

போன மாசம், நிமோனியா முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்க எப்படி நடக்க ஆரம்பிக்கணும்னு எழுதினப்போ, கடைசில ஒரே ஒரு வரி, சில நாடுகள்ல வி.ஆர். கண்ணாடி மாட்டிவிட்டு மூச்சுப் பயிற்சி குடுக்கறாங்கன்னு சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தத் தடவை கேள்வி குவிஞ்சிருக்கு. தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன், வி.ஆர்.னா விர்ச்சுவல் ரியாலிட்டி. கண்ணை முழுசா மூடற மாதிரி ஒரு ஹெட்செட், உள்ளார ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா படம் தெரியும், நாம தலையைத் திருப்பினா காட்சியும் கூடவே திரும்பும், அதனால அந்த இடத்துலயே இருக்கோம்னு மூளை நம்பிடும்.

கேள்வி: மேடம், எங்க அப்பாவுக்கு 62 வயசு. ரெண்டு மாசம் முன்னாடி நிமோனியா முத்திப்போய் 11 நாள் ஐ.சி.யூ.ல இருந்தாரு. இப்ப எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா ஹால்லேர்ந்து பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது, பாதி நாள் கட்டில்லயே படுத்திருக்காரு. ஒரு தனியார் சென்டர்ல வி.ஆர். தெரபி பேக்கேஜ்னு பெரிய தொகை சொல்றாங்க. அந்தக் கண்ணாடி மாட்டினா நுரையீரல் சரியாகிடுமா? கடன் வாங்கியாவது கட்டலாமா?
– ஒரு மகள், கரூர்

பதில்: கடன் வாங்காதீங்கம்மா. அதை முதல்ல சொல்லிடறேன், மத்ததை அப்புறம் பேசலாம்.

கண்ணாடி நுரையீரலை சரி பண்ணாது. எந்த ஸ்கிரீனும் பண்ணாது. உங்கப்பாவோட எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாருன்னா, அப்புறம் ஏன் மூச்சு வாங்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. 11 நாள் ஐ.சி.யூ. படுக்கை, அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வீட்டுக் கட்டில், இதுல தொடை சதையும் கெண்டைக்கால் சதையும் கரைஞ்சு போயிருக்கும், அவர் வேட்டியை மடிச்சுக் கட்டறப்போ காலைப் பாருங்க, உங்களுக்கே தெரியும். சதை பலமில்லாத காலு பத்தடி நடந்தாலே ரொம்ப சீக்கிரம் களைச்சுடும், அந்தக் களைப்புல ரத்தத்துல சேர்ற அமிலத்தை வெளியேத்த உடம்பு வேகமா மூச்சு இழுக்கும். அதைப் பாத்து அவருக்கு பயம் வரும். ஐ.சி.யூ.ல மூச்சுக்குத் தவிச்ச ஞாபகம் போகுமா, லேசா இளைச்சாலே அதேதான் திரும்ப வருதோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், பயந்தா மூச்சு இன்னும் வேகமாகும், அதனால நடக்கறதையே நிறுத்திடுவாரு, நிறுத்தினா கால் சதை இன்னும் கரையும். இந்த சுழல்லதான் அவர் இப்ப மாட்டியிருக்காரு, இதை உடைக்கறதுக்கு இருக்கற வைத்தியம் பேரு பல்மனரி ரிஹேப், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. நடை, சைக்கிள், காலுக்கும் கைக்கும் எடை வெச்சு பயிற்சி, மூச்சை விடற முறை, சாப்பாடு, இன்ஹேலர் இருந்தா அதை சரியா இழுக்கறது எப்படின்னு எல்லாம் சேர்ந்தது. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், மொத்தமா ஆறுலேர்ந்து பன்னெண்டு வாரம் வரைக்கும் பண்ணுவாங்க. சி.ஓ.பி.டி.காரங்களுக்கு, அதாவது பெரும்பாலும் புகையால மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்ட இளைப்பு வந்தவங்களுக்கு, இது எவ்வளவு பலன் குடுக்குதுன்னு 2015ல, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசற காக்ரேன் குழு 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. பலன் அவ்வளவு தெளிவா இருந்ததால, ரிஹேப் நல்லதா இல்லையான்னு கேட்டு இனிமே ஆய்வே தேவையில்லைங்கற அளவுக்கு வந்துட்டாங்க.

அப்போ வி.ஆர். எதுக்கு? மேல சொன்ன சுழல்ல பயம்னு ஒரு கண்ணி இருக்கு பாருங்க, அந்த இடத்துலதான் அதுக்கு வேலை. தீக்காயம் பட்டவங்களுக்கு கட்டு மாத்தறப்போ உயிர் போற வலி இருக்கும். அமெரிக்காவுல சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரங்க 1990கள்லயே அவங்களுக்கு ஹெட்செட் மாட்டிப் பாத்தாங்க, அப்புறம் பனிமலை நடுவுல பறக்கற மாதிரி ஒரு காட்சியையும் காட்டினாங்க, கவனம் அங்க போனதுல வலி குறைஞ்சு தெரிஞ்சுது. மூச்சுத் திணறலும் அதே மாதிரிதான், நெஞ்சுல ஆரம்பிச்சாலும் அதை உணர்றது மூளை. சுவிட்சர்லாந்துல ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில 2023ல வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. கோவிட் நிமோனியாவுலேர்ந்து மீண்டு வந்தும் மூச்சு வாங்கறது நிக்காத 26 பேர். ஹெட்செட்டுக்குள்ள அவங்களுக்கு ஒரு உடம்பு தெரியும், அந்த உடம்பு வெளிச்சமாகி மங்கி, வெளிச்சமாகி மங்கின்னு இருக்கும். ஒரு தடவை அந்த வெளிச்சம் அவங்க சொந்த மூச்சோடயே சேர்ந்து ஏறி இறங்கும், இன்னொரு தடவை மூச்சுக்கு சம்பந்தமில்லாம ஏறி இறங்கும். தன் மூச்சோட ஒத்துப் போனப்போ மட்டும் மூச்சு விடறது சுலபமா இருக்குன்னு சொன்னாங்க. மருந்து எதுவும் இல்ல, நுரையீரல்லயும் அந்த சில நிமிஷத்துல எதுவும் மாறியிருக்காது, தன் மூச்சு தன் கட்டுப்பாட்டுலதான் இருக்குன்னு கண்ணால பாத்ததுலயே மூளை கொஞ்சம் அமைதியாயிருக்கு. 26 பேருங்கறது சின்ன எண்ணிக்கைதான், அதை வெச்சு பேக்கேஜ் விக்கறது நியாயமே இல்ல.

அதனால அந்த சென்டர்ல இதைக் கேளுங்க. நடைப் பயிற்சியும் கால் பலப் பயிற்சியும் இதுல இருக்கா, ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஆறு நிமிஷ நடை டெஸ்ட் எடுப்பீங்களா, பயிற்சி நடக்கறப்போ விரல்ல ஆக்சிமீட்டர் (ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு சதவீதம்னு காட்டற கருவி) மாட்டி யாராவது பக்கத்துல இருப்பாங்களா. இதுக்கெல்லாம் ஆமான்னு பதில் வந்தா அது ரிஹேப், கண்ணாடி கூட இருந்தா நல்லதுதான். வெறும் கண்ணாடி மட்டும்தான்னா எழுந்து வந்துடுங்க. ஆறு நிமிஷ டெஸ்ட்னா 30 மீட்டர் நீள வராந்தாவுல ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்க முடியுதுன்னு அளக்கறது, அவ்வளவுதான், கருவியே வேணாம். முன்னாடி நடந்ததை விட சுமார் 30 மீட்டர் கூடினாலே அவருக்கு நல்ல வித்தியாசம் தெரியும்.

கேள்வி: எனக்கு 58 வயசு. பீடி சிகரெட் தொட்டதே இல்ல, ஆனா கல்யாணமாகி வந்ததுலேர்ந்து விறகடுப்புதான், சி.ஓ.பி.டி.ன்னு சொல்லி இன்ஹேலர் குடுத்திருக்காங்க. எங்க ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில பிசியோதெரபிக்குப் போனா அந்தக் கண்ணாடியை மாட்டிக்கச் சொல்றாங்க. கண்ணை மூடி அடைச்ச மாதிரி ஆயிடுமோன்னு எனக்கு பயமா இருக்கு. வேணாம்னு சொன்னா தப்பா நினைப்பாங்களா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கம்மா, நினைச்சா அது அவங்க தப்பு. மூச்சு முட்டற ஒருத்தங்க முகத்துல எதையாவது கொண்டுவந்து வெச்சா பயம் வரத்தான் செய்யும். முதல்ல அதைக் கையில வாங்கிப் பாருங்க, மூக்கும் வாயும் மூடாது, கண்ணை மட்டும்தான் மூடும், வேணாம்னு தோணின நொடியே நீங்களே கழட்டிடலாம்.

நான் வேலை பாக்கற இடத்துல முதல் தடவையா ஒரு அம்மாவுக்கு மாட்டினது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அவங்களும் விறகடுப்பு ஆளுதான். வரும்போதே ரெண்டு தோளும் காது வரைக்கும் தூக்கியிருக்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு கயிறு மாதிரி இழுக்கும், மூச்சை மெதுவா விடுங்கம்மான்னு நான் எத்தனை நாள் சொல்லியும் அவங்களுக்கு வரல, வாயால ஒரு விஷயத்தைச் சொல்லி மூச்சை மாத்தறது அவ்வளவு கஷ்டம். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டப்போ முதல்ல என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. உள்ளார ஒரு தோப்பு, ஓரத்துல வாய்க்கால், வேற ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரத்துல என் கையை விட்டுட்டு காத்துல கைய நீட்டி ஒரு இலையத் தொடப் பாத்தாங்க, இது யாரு தோப்பு கண்ணுன்னு கேட்டாங்க. அப்பத்தான் கவனிச்சேன், தோளு இறங்கியிருந்துச்சு. நிமிஷத்துக்கு 28 இருந்த மூச்சு 20க்கு வந்திருந்துச்சு. அந்த நேரத்துல, உதட்டைக் குவிச்சு வாய்க்கால் தண்ணி மேல மெதுவா ஊதுங்கம்மான்னேன், ஊதினாங்க, நான் மூணு வாரமா கத்துக் குடுக்க முடியாதது அன்னைக்கு வந்துச்சு.

போலந்துல குவுஹோவாசின்னு ஒரு சின்ன ஊரு, அங்க இருக்கற ரிஹேப் ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஒரு தோட்டத்தை சி.ஓ.பி.டி., கோவிட் நோயாளிகளுக்கு பல வருஷமா பயன்படுத்தி ஆய்வு பண்றாங்க. முதல் நாள் தோட்டம் உயிரில்லாம, நிறமில்லாம இருக்கும், ஒவ்வொரு செஷனுக்கும் கொஞ்சம் கொஞ்சமா உயிர் வந்து கலராகும். அவங்க முக்கியமா பாக்கறது மனச்சோர்வும் பதட்டமும் குறையுதாங்கறதை. நம்ம ஊர்ல நெஞ்சு சளிக்காரங்களோட மனசைப் பத்தி யாரு கேக்கறாங்க சொல்லுங்க, இருமல் எப்படி இருக்கு, சளி என்ன கலர்னு கேட்டுட்டு அனுப்பிடறோம்.

பிடிக்கலைன்னா கண்ணாடி வேணாம், ஆனா பிசியோதெரபிக்குப் போறதை மட்டும் நிறுத்தாதீங்க. இன்னொண்ணு, வீட்டுல இன்னும் விறகு எரியுதுன்னா அதை நிறுத்தறதுதான் முதல் வைத்தியம்.

கேள்வி: அக்கா, நான் கேம் விளையாட வாங்கின குவெஸ்ட் 2 ஹெட்செட் வீட்டுல சும்மா கிடக்கு. அம்மாவுக்கு நுரையீரல் தழும்பு இருக்கு, வீட்டுல ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்ல இருக்காங்க. யூடியூப்ல 360 டிகிரி வீடியோ போட்டு நானே பயிற்சி குடுக்கலாமா? போன்ல மாட்டற அட்டைக் கண்ணாடி போதும்னு ஃபிரெண்டு சொல்றான்.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, அம்மாவுக்காக யோசிக்கறதே பெரிய விஷயம், ஆனா அவசரப்படாதீங்க. ஆக்சிஜன்ல இருக்கறவங்களுக்கு பயிற்சி எவ்வளவு, அப்போ ஆக்சிஜன் எத்தனை லிட்டர், அளவு எதுக்குக் கீழ போனா நிறுத்தணும்னு அவங்க நுரையீரல் டாக்டர்கிட்ட முதல்ல கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. பொதுவா ஆக்சிமீட்டர்ல 88 சதவீதத்துக்குக் கீழ இறங்கினா நிறுத்திடுவோம், ஆனா அம்மாவுக்கு டாக்டர் என்ன சொல்றாரோ அதுதான் கணக்கு. லிட்டரை நீங்களா ஏத்தி இறக்கக் கூடாது. வலிப்பு, தலைசுத்தல், நடக்கறப்போ தள்ளாட்டம் இதுல எது இருந்தாலும் ஹெட்செட் வேணவே வேணாம்.

டாக்டர் சரின்னு சொன்னா இப்படிப் பண்ணுங்க. கை வெச்ச, சக்கரம் இல்லாத நாற்காலி, அதுல உட்கார்ந்துதான், எந்திரிச்சு நிக்கவே கூடாது, ஏன்னா கண்ணு வெளிய எதையும் பாக்காது, கீழ ஆக்சிஜன் டியூப் வேற கிடக்கு, தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுதுன்னா மறுபடியும் கட்டில்தான். மூக்குல டியூப்பை முதல்ல மாட்டி காது பின்னாடி சரி பண்ணிட்டு அதுக்கு மேல ஹெட்செட்டை மாட்டுங்க, பட்டை டியூப்பை நசுக்குதான்னு விரலால தடவிப் பாருங்க. குவெஸ்ட் 2 அரைக் கிலோ, 503 கிராம், உங்க கழுத்துக்கு தெரியாது, அம்மா கழுத்துக்குத் தெரியும், அதனால முதல் வாரம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. ஆக்சிமீட்டர் விரல்ல இருக்கட்டும், நெயில் பாலிஷ், மருதாணி இல்லாத விரலா பாருங்க, கையை ஆட்டிக்கிட்டே இருந்தா நம்பர் தப்பாக் காட்டும், மடியில வெச்சிருக்கச் சொல்லுங்க. உள்ளார அம்மா என்ன பாக்கறாங்கன்னு உங்க போன்லயோ டிவியிலயோ தெரியற மாதிரி போட்டுக்கோங்க, அப்பத்தான் எங்க பயந்தாங்கன்னு உங்களுக்குப் புரியும்.

வீடியோ தேர்ந்தெடுக்கறதுதான் ரொம்ப முக்கியம். ரோலர் கோஸ்டர், பைக், விமானம் எதுவும் வேணாம். கண்ணு ஓடறோம்னு சொல்லும், காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு உட்கார்ந்திருக்கோம்னு சொல்லும், இந்த ரெண்டும் சண்டை போட்டா தலை சுத்தி வாந்தி வரும், ஏற்கனவே இளைப்பு இருக்கறவங்களுக்கு வாந்தியும் வந்தா எவ்வளவு கஷ்டம்னு நினைச்சுப் பாருங்க. கேமரா ஒரே இடத்துல நிக்கற காட்சியா பாருங்க, கடற்கரை, மலை, கோயில் குளம். அதைப் பாத்துக்கிட்டே மூக்கால ரெண்டு எண்ணற வரைக்கும் இழுத்து, விசில் அடிக்கற மாதிரி உதட்டைக் குவிச்சு நாலு எண்ணற வரைக்கும் விடணும். அப்புறம் உட்கார்ந்தபடியே முட்டியை ஒண்ணு மாத்தி ஒண்ணா தூக்கறது, காலை நேரா நீட்டி மடக்கறது. எவ்வளவு இளைக்குதுன்னு பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் மார்க் கேளுங்க, மூணு நாலுல இருந்தா சரி, ஒரு வாக்கியம் பேச முடியணும், அதுக்கு மேல போனா நிறுத்தி ஓய்வு குடுங்க. நெஞ்சு வலி, உதடு நீலமாகறது, கண்ணு இருட்டறது இதுல எது வந்தாலும் உடனே கழட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் ஆக்சிஜன் ஓடற ரூம்ல சாமி விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது, தீ பிடிச்சா கட்டுப்படுத்த முடியாது, இதை நான் எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்றேன், பாதி வீட்டுல விளக்கு அதே ரூம்லதான் எரியுது.

அட்டைக் கண்ணாடியை கையால முகத்துல பிடிச்சுக்கிட்டே இருக்கணும், தோளும் கழுத்தும் இறுகும், மூச்சுக்காரங்களுக்கு எது கூடாதோ அதேதான், அதனால வேணாம்.

கேள்வி: ஆறு மாசம் டிபி மருந்து முழுசா சாப்பிட்டு முடிச்சுட்டேன், சளி டெஸ்ட் நெகட்டிவ். ஆனா மாடி ஏறினா இளைக்குது. ரிஹேப் சென்டர்ல டிபி வந்த ஆளுக்கு ஹெட்செட் தர முடியாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. நான் இன்னும் பரப்பறேனா மேடம்?
– பேர் வேண்டாம்

பதில்: இல்லப்பா, பரப்பல. மருந்தை முழுசா முடிச்சு, சளி நெகட்டிவ்னு வந்துட்ட ஒருத்தர்கிட்டேர்ந்து டிபி பரவாது. உங்களை எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது தப்பு, படிச்சப்போ எனக்கு மனசே ஆறல. உலகத்துல டிபி வர்றவங்கள்ல சுமார் நாலுல ஒருத்தர் இந்தியாவுல இருக்கோம், கிருமி போனதுக்கப்புறம் நுரையீரல்ல தழும்பு மிச்சமாகி உங்களை மாதிரி இளைப்போட இருக்கறவங்க அவ்வளவு பேரு, அவங்களுக்குத்தான் ரிஹேப் முதல்ல குடுக்கணும்.

சுத்தம்ங்கறது எல்லாருக்கும் பொது. ஒருத்தர் மாட்டின ஹெட்செட்டை அடுத்தவருக்குத் தர்றதுக்கு முன்னாடி துடைக்கணும், முகத்துல படற பஞ்சுக்குப் பதிலா துடைக்கற மாதிரி ரப்பர் கவர் போடணும், ஜன்னல் திறந்திருக்கணும். சளியில இன்னும் கிருமி இருக்கறவங்களை மட்டும் குழுவா பயிற்சிக்குக் கூப்பிடக் கூடாது, ஏன்னா டிபி காத்துல பரவறது, ஹெட்செட்டைத் தொடறதால இல்ல. உங்க ரிப்போர்ட்டையும், பயிற்சி பண்ணலாம்னு டாக்டர் எழுதின சீட்டையும் எடுத்துக்கிட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில நெஞ்சுநோய் பிரிவுல போய்க் கேளுங்க.

கேள்வி: நான் பிசியோதெரபி மூணாம் வருஷம் படிக்கறேன். வி.ஆர். வந்தா டிரெட்மில் எல்லாம் தேவையில்லைன்னு ஒரு செமினார்ல சொன்னாங்க. உண்மையா?
– ஒரு மாணவி, கோவை

பதில்: இல்லம்மா. மேல சொன்ன அதே போலந்து குழு 2020ல 106 சி.ஓ.பி.டி. நோயாளிகளை வெச்சு ரெண்டு வாரம் ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான பயிற்சி, ஒரு குழுவுக்கு அதோட வி.ஆர்., இன்னொரு குழுவுக்கு அதுல வர்ற தாங்குதிறன் பயிற்சிக்கு பதிலா வி.ஆர். அதுல ஹெட்செட்டே கிடையாது, கேமரா முன்னாடி நின்னு உடம்பை அசைச்சு விளையாடற கினெக்ட்தான். விளையாட்டு சேர்ந்தவங்க உடல் தெம்பு டெஸ்ட்ல நல்லாவே முன்னேறினாங்க, ஏன்னா அவங்க உண்மையிலேயே உடம்பை அசைச்சாங்க. ஆனா ரெண்டு வாரம்தான், ஆஸ்பத்திரியில தங்கியிருந்தப்போதான். அந்த கினெக்ட்டை 2017லயே தயாரிக்கறதை நிறுத்திட்டாங்க. கருவி வரும், போகும், ஒரு கருவியை நம்பி சிகிச்சையைக் கட்டினா அது போற அன்னைக்கு நோயாளி நடுத்தெருவுல நிப்பாரு. முதுகுவலிக்கு வீட்டுல பயன்படுத்தற ஒரு வி.ஆர். கருவிக்கு அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்கற எஃப்.டி.ஏ. 2021ல அனுமதி குடுத்தது உண்மை, அதைக் காட்டி நுரையீரலுக்கும் நிரூபிச்சாச்சுன்னு யாராவது சொன்னா எழுந்து கேள்வி கேளுங்க.

கேள்வி: எங்க ஊருக்கு பஸ்ஸே ரெண்டு தடவைதான் வருது. கல்குவாரியில வேலை பாத்து நெஞ்சு போச்சு. வி.ஆர்., ரிஹேப் எதுவும் இங்க இல்ல. எங்களை மாதிரி ஆளுங்க என்ன பண்றது?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஐயா, உங்க கடிதத்துக்காகத்தான் இந்த மாசம் முழுக்க இதைப் பத்தி எழுத ஒத்துக்கிட்டேன். முதல்ல, குவாரிப் பக்கம் இனிமே போகவே போகாதீங்க, தூசி படற வேலை எதுவும் வேணாம். டிபி இருக்கான்னு ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துல சளி டெஸ்ட் பண்ணிக்கோங்க, கல்தூசி பட்ட நெஞ்சுல டிபி சுலபமா வரும். அது இல்லைன்னு தெரிஞ்சதும், நான் நடக்கலாமான்னு அந்த டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க.

அப்புறம், காலையில வெயில் ஏறாதப்போ, தெருவுல ஒரு வேப்பமரம், ஒரு திண்ணை, ஒரு கோயில்னு உட்கார இடம் இருக்கற பாதையா பாத்து நடங்க. மூக்கால இழுக்கறப்போ ரெண்டு அடி, உதட்டைக் குவிச்சு விடறப்போ நாலு அடி. இளைச்சா நில்லுங்க, முன்னாடி குனிஞ்சு ரெண்டு கையையும் தொடை மேல ஊன்றிக்கோங்க, தோளை இறக்குங்க, மெதுவா ஊதுங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கும். அடங்கினதும் திரும்ப நடங்க. முதல் நாள் மூணு நிமிஷம்தான் முடிஞ்சுதுன்னா மூணு நிமிஷம், ரெண்டு மூணு நாளைக்கு ஒரு நிமிஷம் கூட்டிக்கோங்க. சாயங்காலம் நாற்காலியில உட்கார்ந்து கையை ஊன்றாம எந்திரிக்கறது, உட்கார்றது, அஞ்சு தடவையில ஆரம்பிங்க. கூட யாராவது பேசிக்கிட்டு வந்தா ரொம்ப நல்லது, பேரன் பேத்தி, பக்கத்து வீட்டு ஆளு, யாரா இருந்தாலும் சரி, பேச்சுல கவனம் போறப்போ மூச்சு நினைப்பு குறையும். அந்தக் கண்ணாடிக்குள்ள தோப்பையும் வாய்க்காலையும் காட்டறதும் இதுக்குத்தான், உங்க தெருவுல வேப்பமரம் நிஜமாவே நிக்குது. ஒரு காலண்டர்ல தினமும் நிமிஷத்தைக் குறிச்சு வெச்சு, ஒரு மாசம் கழிச்சு அந்தத் தாளை எனக்கு அனுப்புங்க, அடுத்து எவ்வளவு கூட்டலாம்னு நான் பதில் எழுதறேன்.